கட்டணத்துக்கு முன் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழலையர் பள்ளிக் கட்டணம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "நாலு பெற்றோர் சேர்ந்து நாமே ஒரு பள்ளி நடத்தினால் என்ன?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. நல்ல கேள்வி. ஆனால் கேட்பவர்களில் பலர் மிச்சமாகும் பணத்தை மட்டுமே மனத்தில் வைத்திருக்கிறார்கள். பெற்றோர் கூட்டுறவுப் பள்ளியில் கட்டணம் குறைவது உண்மைதான். குறைகிற தொகையைப் பெற்றோர் தங்கள் நேரமாகக் கட்டுகிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை. இதை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிட்ட பள்ளிகள் நிலைக்கின்றன. பேசாமல் தொடங்கியவை பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் திணறுகின்றன. இப்படிப்பட்ட பள்ளிகளில் பொறுப்பில் இருந்தவர்கள் என்ற முறையில், உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1916இல் சிகாகோ பல்கலைக்கழக ஆசிரியர்களின் மனைவியர் 12 பேர் சேர்ந்து தொடங்கியதுதான் அமெரிக்காவின் முதல் பெற்றோர் கூட்டுறவு மழலையர் பள்ளி என்பார்கள். நியூசிலாந்தில் 1941இல், ஆண்கள் போர்முனையில் இருந்த நேரத்தில், வெலிங்டனில் தாய்மார்கள் தொடங்கிய 'பிளேசென்டர்' என்ற பெற்றோரே நடத்தும் மழலையர் அமைப்பு இன்று நாடு முழுக்க இருக்கிறது. அங்கே பெற்றோருக்கே முறையான பயிற்சி வகுப்புகள் உண்டு. இரண்டுமே, குழந்தைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கும் என்ற எளிய தேவையில் பிறந்தவை.

அமைப்பு இதுதான். பள்ளிக்கு முதலாளி கிடையாது. சேர்ந்திருக்கும் குடும்பங்களே உறுப்பினர்கள். குடும்பத்துக்கு ஒரு வாக்கு, அதிகப் பணம் போட்டவருக்கும் ஒரே வாக்குதான். பொதுக்குழு ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை ஏற்று, நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்துவார்கள். வகுப்பில் அவருக்குக் கை கொடுப்பவர்கள் முறை வைத்து வரும் பெற்றோர்கள். இது தவிர ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னொரு பொறுப்பு உண்டு: கணக்கு எழுதுவது, சாமான் வாங்குவது, முறைப்பட்டியல் போடுவது, உடைந்த நாற்காலியைச் சரிசெய்வது. மாதம் மூன்று, நான்கு மணி நேரம் அதற்குப் போய்விடும்.

இப்போது கணக்கு. 20 குழந்தைகள், 20 குடும்பங்கள், வாரம் ஐந்து காலைகள், ஒரு காலைக்கு இரண்டு பெற்றோர். நான்கு வாரத்துக்கு 40 முறைகள், வீட்டுக்கு இரண்டு. கேட்பதற்குச் சுலபம். ஆனால் 20 குழந்தைகள் என்றால் 20 குடும்பங்கள் என்று இருப்பது அபூர்வம். மூன்று வீடுகளில் இரண்டு குழந்தைகள் என்றால் குடும்பங்கள் 17தான். அதே 40 முறைகளை 17 பேர் பங்கிட்டால் சிலருக்கு இரண்டு, சிலருக்கு மூன்று என்று வரும். அப்போது, இரண்டு குழந்தைகளை அனுப்பும் வீடு இரண்டு மடங்கு வர வேண்டுமா, ஒரு மடங்கு போதுமா என்ற சச்சரவு தொடங்கும். ஒன்றரை மடங்கு என்று வைப்பது எங்களுக்கு நியாயமாகப் படுகிறது. மகப்பேறு நேரத்தில் எத்தனை வாரம் விலக்கு, நீண்ட நோய் என்றால் என்ன ஏற்பாடு என்பதையும் துணைவிதியில் எழுதிவிட வேண்டும். பிரச்சினை வந்த பிறகு எழுதும் விதி எப்போதும் யாரோ ஒருவருக்கு எதிராக எழுதியதாகவே தெரியும்.

முறைக்கு வருகிற பெற்றோர் குழந்தைகள் வருவதற்கு 20 நிமிடம் முன்பே வர வேண்டும். ஆசிரியை எழுதி ஒட்டியிருக்கும் அன்றைய தாளைப் படித்து, ஒருவர் உள்ளே, ஒருவர் வெளி விளையாட்டு இடமும் கழிப்பறையும் என்று பிரித்துக்கொள்வார்கள். கைப்பேசி பைக்குள் போய்விடும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகும்போது கிளம்பும் முன் ஒரு தடவை, போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை தலை எண்ண வேண்டும். எண்ணியவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிட வேண்டும். இரண்டு பேரும் 'அவர் எண்ணியிருப்பார்' என்று நினைப்பதுதான் ஆபத்து. பிறர் குழந்தையுடன் மூடிய அறையில் தனியாக யாரும் இருக்கக் கூடாது. கழிப்பறைக்குத் துணை போனாலும் கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவரின் பார்வை படும்படி நிற்க வேண்டும். இதில் சந்தேகம், சங்கடம் எதுவும் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யார் மனமும் புண்படாது.

புதிதாக முறைக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதலாவது, இரண்டு பெற்றோரும் ஒரே மூலையில் நின்று பேசிக்கொண்டிருப்பது. இரண்டாவது, குழந்தைக்காகத் தாமே செய்துவிடுவது. மூன்று வயதுக் குழந்தை செருப்பு மாட்ட நாலு நிமிடம் எடுத்தால் நாலு நிமிடமும் பொறுத்து நிற்க வேண்டும். வர்ணம் தீட்டும் மேசையில் இது இன்னும் நன்றாகத் தெரியும். குழந்தை பச்சை நிறத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் தூரிகையை வாங்கி அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்துவிடுவார். அடுத்த நிமிடம் மேசையைச் சுற்றியிருக்கும் எல்லாக் குழந்தைகளும் "எனக்கும் போட்டுக் கொடுங்க" என்று தாளை நீட்டுவார்கள். அன்றைக்கு அந்த மேசையில் குழந்தைகளின் வேலை அதோடு முடிந்தது. அதனால்தான் முதல் முறைக்கு முன்பு அரை நாள் பயிற்சியும், எதிலும் கை வைக்காமல் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் ஒரு காலையும் கட்டாயம் என்கிறோம். குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சியும் அதற்குள் முடிந்திருக்க வேண்டும்.

பலரும் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று உண்டு. தன் அம்மாவோ அப்பாவோ முறைக்கு வரும் நாளில் அந்த வீட்டுக் குழந்தை மற்ற நாள் போல இருக்காது. மடியை விட்டு இறங்காது. வேறு குழந்தைக்கு அம்மா கதை படித்தால் புத்தகத்தைப் பிடுங்கும். வழக்கமாகப் பகிர்ந்து விளையாடும் பொம்மையை அன்று தர மறுக்கும். பெற்றோருக்கு வெட்கமாகப் போய், மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று வீட்டில் காட்டாத கண்டிப்பைக் காட்டுவார்கள். சிலர் எதிர்ப்பக்கம் போய், தள்ளியது தன் பிள்ளை என்றாலும் அதற்கே பரிந்து பேசுவார்கள். இதற்கு ஒரு விதி நன்றாக வேலை செய்கிறது: சண்டையில் உங்கள் பிள்ளை இருந்தால் நீங்கள் போகாதீர்கள், ஆசிரியையோ மற்றப் பெற்றோரோ போகட்டும். கூடவே, வகுப்பு தொடங்கியதும் முதல் 10 நிமிடம் அந்தப் பெற்றோர் தன் குழந்தையோடு மட்டும் உட்காரலாம் என்று அனுமதித்தால் ஒட்டுதல் பெருமளவு தணியும். நாலைந்து முறை கழிந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பழகிவிடும். அதுவரை, பெரியவர்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது புதுப் பெற்றோரை முழு ஆளாகக் கொள்ளாமல் இருப்பதே பாதுகாப்பு.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முறைக்கு வரலாமா என்று கேட்பார்கள். கூடாது என்பதே எங்கள் கருத்து. காப்பீடு பல சமயம் பதிவு செய்த குழந்தைகளுக்கு மட்டுமே செல்லும். காப்பீடு இருந்தாலும் கை இரண்டுதானே. இரண்டு வீடுகள் ஜோடி சேர்ந்து, ஒருவர் முறைக்கு வரும்போது மற்றவர் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது நல்ல வழி. வகுப்பில் கண்டதும் கேட்டதும் வகுப்போடு நிற்க வேண்டும். யாருடைய குழந்தை கடித்தது, யார் ஈரம் செய்தது என்பது வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் அந்தக் குடும்பம் அடுத்த பருவம் இருக்காது. புகைப்படமும் அவரவர் குழந்தையை மட்டும்தான்.

ஆசிரியையின் நிலை இதில் கடினமானது. வகுப்புக்குள் அவர் சொல்வதைப் பெற்றோர் கேட்க வேண்டும். வகுப்புக்கு வெளியே அதே பெற்றோர்தான் அவருக்குச் சம்பளம் நிர்ணயிப்பவர்கள். 20 முதலாளிகள் இருக்கும் இடத்தில் யாரும் வேலை செய்ய முடியாது. எனவே அவருடைய வேலை பற்றி அவரிடம் பேச நிர்வாகக் குழுவில் ஒரே ஒருவருக்கு மட்டும் அதிகாரம் இருக்க வேண்டும். மற்றவர்களின் குறை எதுவானாலும் அவர் வழியாகவே போக வேண்டும். காலையில் குழந்தையை விடும் நேரத்தில் ஆசிரியையை நிறுத்தி வைத்து விவாதிப்பதற்குத் தடை வேண்டும். எழுத்துப்பூர்வமான பணி ஒப்பந்தம், சம்பளத்துடன் கூடிய விடுப்பு, வகுப்பு நேரத்துக்கு மேல் தினமும் ஒரு மணி நேரமாவது திட்டமிடுவதற்கான ஊதிய நேரம் ஆகியவை வேண்டும். கட்டணத்தைக் குறைக்க ஆசிரியையின் சம்பளத்தில் கை வைப்பது கூட்டுறவே அல்ல. ஒருவரின் வயிற்றில் அடித்து 20 பேர் மிச்சம் பிடிப்பது. இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறோம், ஏனெனில் முதல் பற்றாக்குறை வந்ததுமே கண் போவது அந்த இடத்துக்குத்தான்.

பணத்தில் நடக்கும் பெரிய பிழை, எல்லா இடங்களும் நிரம்பியிருக்கும் என்று நம்பிக் கட்டணம் போடுவது. ஆண்டுச் செலவை 100 பங்கு என்று கொள்வோம். 20 குழந்தைகளுக்கு வகுத்தால் தலைக்கு 5 பங்கு. பாதி ஆண்டில் இரண்டு குழந்தைகள் ஊர் மாறிப் போனால் 5 பங்கு துண்டு விழும். வாடகையும் சம்பளமும் குறையாது. 18 குழந்தைகள்தான் என்று வைத்து வகுத்தால் தலைக்கு 5.56 பங்கு, இருவர் போனாலும் பள்ளி நடக்கும், போகாவிட்டால் மிஞ்சுவது கையிருப்பில் சேரும். மூன்று மாதச் செலவு எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். சேரும்போது ஒரு மாதக் கட்டணத்தை வைப்பாக வாங்கிக்கொண்டு, 30 நாள் முன்னறிவிப்புடன் விலகினால் திருப்பிக் கொடுக்கலாம். காசோலைக்கு இரண்டு கையொப்பம், மாதாமாதம் எல்லோருக்கும் ஒரு பக்கக் கணக்கு. பாக்கி வைப்பவர் நண்பராக இருப்பார் என்பதால் பொருளாளர் கேட்கத் தயங்குவார். 10 நாள் தாண்டினால் கடிதம், 30 நாள் தாண்டினால் குழுவுடன் சந்திப்பு என்று விதியே கேட்கும்படி வைத்தால் மனிதர் கேட்க வேண்டியதில்லை. உண்மையில் முடியாதவர்களுக்கென்று ஒரு சிறு உதவி நிதி இருக்கட்டும்; யார் வாங்குகிறார் என்பது இரண்டு பேருக்கு மேல் தெரிய வேண்டாம்.

முறைக்கு வராதவருக்கு அபராதம் போடலாமா? உடனே தோன்றும் யோசனை இதுதான், ஆனால் எதிராகத் திரும்பக்கூடியது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 பகல்நேரக் குழந்தைக் காப்பகங்களில் ஆய்வு ஒன்று நடந்தது. யூரி கினீசி, ஆல்டோ ரஸ்டிகினி என்ற இருவர் 2000இல் அதை வெளியிட்டார்கள். பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்த இடத்தில் காசு வந்து உட்கார்ந்துகொண்டது. கூட்டுறவுப் பள்ளியிலும் இதேதான்: அபராதம் கட்டினால் போதும் என்றானதும் வசதியுள்ளவர்கள் முறைக்கு வருவதை நிறுத்துவார்கள். தவறிய ஒரு முறைக்கு அடுத்த மாதம் இரண்டு முறை என்று நேரத்தை நேரத்தாலேயே ஈடுகட்டச் சொல்வது மேல். வர முடியாதவர் தானே மாற்று ஆளைப் பிடித்து, பட்டியல் போடுபவருக்குத் தகவல் மட்டும் சொல்ல வேண்டும். மாற்று ஆள் தேடும் வேலை பட்டியல்காரர் தலையில் விழுந்தால் அவர் ஆறு மாதத்தில் பொறுப்பை உதறிவிடுவார். கடைசி நேரக் காய்ச்சலுக்கென்று தனியாக ஒரு காத்திருப்புப் பட்டியல் வேண்டும். ஆள் போதாத நாளில் பள்ளியைத் திறப்பதில்லை என்று முடிவெடுப்பவர் யார் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது ஆசிரியையாக இருப்பதே சரி.

முறைகளைச் சீட்டாகக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. வாஷிங்டனில் 1970களில் சுமார் 150 குடும்பங்கள் நடத்திய குழந்தை பார்த்துக்கொள்ளும் கூட்டுறவில், பிறர் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் சீட்டு கிடைக்கும், அதைக் கொடுத்தால் உங்கள் குழந்தையை இன்னொருவர் பார்த்துக்கொள்வார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எல்லோரும் சீட்டைச் சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள். செலவழிக்க ஆளில்லாமல் ஏற்பாடே முடங்கியது. பிறகு கூடுதல் சீட்டுகளை வெளியிட்டுத்தான் அதை ஓட வைத்தார்கள். பள்ளிக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. சேர்த்த முறை பருவ முடிவில் காலாவதியாகும் என்று வைத்தால் தேங்காது.

வேலைக்குப் போகும் பெற்றோரை இந்த ஏற்பாடு தள்ளிவைக்கிறது என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. கவனிக்காவிட்டால் முறைக்கு வருவது எல்லாம் அம்மாக்கள், கூட்டத்தில் பேசுவது எல்லாம் அப்பாக்கள் என்று ஆகிவிடும். பயிற்சி பெற்ற தாத்தா பாட்டியையும் முறைக்கு ஏற்கலாம். காலையில் வரவே முடியாத வீடுகளுக்குக் கூடுதல் கட்டணம் வைக்கலாம், ஆனால் அதற்கு ஓர் எல்லை வேண்டும். 20 குடும்பங்களில் ஐந்து விலகிக்கொண்டால் மாதம் 10 முறைகள் காலியாகும். அந்த 10 காலைகளுக்குச் சம்பள உதவியாளர் ஒருவரை அமர்த்த எவ்வளவு ஆகுமோ அதையே அந்த ஐந்து வீடுகளும் பங்கிட்டுக் கட்ட வேண்டும். அப்போதுதான் மீதி 15 வீடுகளுக்கு 30 முறைகள், அதாவது முன்போலவே இரண்டு, என்று நிற்கும். தொகையைக் குறைத்து வைத்தால் வித்தியாசத்தை மற்றவர்கள் தங்கள் காலைகளால் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். கால்பங்கு வீடுகளுக்கு மேல் இப்படி விலக அனுமதித்தால் அது மெல்ல மெல்லச் சாதாரணக் கட்டணப் பள்ளியாகிவிடும்.

இன்னொரு பலவீனம் பிறவியிலேயே இருப்பது: இரண்டு, மூன்று ஆண்டில் குழந்தை பெரிய பள்ளிக்குப் போய்விடும், அதோடு பெற்றோரும் போய்விடுவார்கள். உரிமத்தை எப்போது புதுப்பிக்க வேண்டும், வீட்டுக்காரரிடம் என்ன பேச்சு, காப்பீட்டில் எது சேராது என்பதெல்லாம் அவர்கள் தலையோடு போய்விடும். நிர்வாகக் குழு மொத்தமாக ஒரே ஆண்டில் மாறாதபடி பாதிப் பேரை ஒரு ஆண்டும், மீதிப் பேரை அடுத்த ஆண்டும் மாற்றுங்கள். பொருளாளருக்குத் துணைப் பொருளாளர், அவரே அடுத்த பொருளாளர். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு கோப்பு: மாதவாரியாகச் செய்ய வேண்டியவை, தேதிகள், யாரிடம் பேச வேண்டும் என்பது. தொடங்கியவர்களே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்து மூன்றாம் ஆண்டில் களைத்து விழுவதைத் தடுக்க இந்தக் கோப்புகளை விடச் சிறந்த வழி எங்களுக்குத் தெரியவில்லை.

சேர்க்கையில் நட்புக்கு இடம் வேண்டாம். விண்ணப்பம் வந்த வரிசைப்படி சேருங்கள். தெரிந்தவர்களாகவே சேர்த்தால் தொடக்கத்தில் இனிமையாக இருக்கும். ஒரு சண்டை வந்தால் மூன்று நான்கு வீடுகள் சேர்ந்தே வெளியேறும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்பது மாதமாவது வேண்டும். இடம் பிடிப்பதற்கு முன்பு உரிம விதிகளைப் படியுங்கள். குழந்தைக்கு இத்தனை சதுர அடி, இத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, அவசர வழி எத்தனை, முறைப் பெற்றோரைப் பெரியவர் கணக்கில் சேர்க்கலாமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் குழந்தைக்கு 35 சதுர அடி உள்ளிடம் கேட்கிறார்கள். 20 குழந்தைகளுக்கு 700 சதுர அடி. சமையலறை, நடைவழி, கழிப்பறை இதில் சேராது என்பதைக் கவனிக்காமல் வாடகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. சங்கமாகப் பதிவு, துணைவிதி, வங்கிக் கணக்கு, காப்பீடு, பிறகுதான் இடம், அதன் பின் ஆசிரியை. சேர்க்கை அறிவிப்பு கடைசி.

இவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முதல் கூட்டத்தில் ஒரு தாளைச் சுற்றுக்கு விடுங்கள். ஒவ்வொரு வீடும் எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, முறைக்கு வரப்போவது யார் என்று எழுதட்டும். 'பார்க்கலாம்' என்ற பதிலை இல்லை என்றே கொள்ளுங்கள். வேண்டிய 40 முறைகளில் 30கூட நிரம்பவில்லை என்றால் ஆர்வத்தை நம்பித் தொடங்காதீர்கள். பள்ளியின் அளவைக் குறையுங்கள். 12 குடும்பங்கள், வாரம் மூன்று காலைகள் என்றால் மாதம் 24 முறைகள், வீட்டுக்கு இரண்டு. ஆசிரியையின் சம்பளம் குறைவான வீடுகளுக்குள் பிரிவதால் கட்டணம் சற்றுக் கூடும். அதையும் அதே கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். ஓர் ஆண்டு அப்படி நடத்திவிட்டு, முறைப்பட்டியலில் ஓட்டை விழாமல் இருந்தால் அடுத்த ஆண்டு நான்காவது காலையைச் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
பெற்றோர் கூட்டுறவு மழலையர் பள்ளிகளில் பொறுப்பு வகித்த சிலர்